ஸ்டார் ஹெல்த் பாலிசியை விட்டு மாறலாமா? கரூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் கரூரில் பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு 67 வயது, அம்மாவுக்கு 62. இருவருக்கும் சேர்த்து 2018 மார்ச்சில் ஸ்டார் ஹெல்த்தில் 3 லட்சத்துக்கு பாலிசி எடுத்தேன். 2022 புதுப்பிப்பின்போது 5 லட்சமாக உயர்த்தினேன். இதுவரை ஒரு கிளைம்கூடப் போட்டதில்லை. அந்தக் கம்பெனி மீது அதிகப் புகார்கள், வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன என்று செய்தியில் பார்த்துவிட்டு, பெங்களூரில் இருக்கும் என் கொழுந்தனார் "உடனே வேறு கம்பெனிக்கு மாற்றுங்கள் அண்ணி" என்கிறார். 2026 மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். மாறலாமா? அப்பா 2016 முதல் பிபி மாத்திரை சாப்பிடுகிறார். அதைப் படிவத்தில் எழுதினோமா என்று நினைவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். செய்திகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் பிபி மாத்திரை பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். அதற்கு வருகிறேன். நீங்கள் கேட்டது கம்பெனியைப் பற்றி என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பொதுத்துறை காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் 22 வருடம் கிளைம் பிரிவில் வேலை பார்த்தவன். 1986-ல் மெடிக்ளெய்ம் வந்ததிலிருந்து வெகுகாலம், மருத்துவக் காப்பீடு எங்கள் அலுவலகங்களில் ஒரு மூலை மேஜைதான். தீ விபத்து, சரக்குக் கப்பல், லாரி இவற்றுக்குத்தான் மரியாதை. அந்த நிலையில் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸின் தலைவராக இருந்த வி. ஜெகந்நாதன் 2006-ல் சென்னையில் தொடங்கியதுதான் ஸ்டார் ஹெல்த். மருத்துவக் காப்பீட்டை மட்டுமே பிரதானமாக வைத்து இந்தியாவில் வந்த முதல் தனிக் கம்பெனி அது. அறுபதைத் தாண்டியவர் என்றாலே மற்றவர்கள் தயங்கிய காலத்தில், 60 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கென்று 'சீனியர் சிட்டிசன்ஸ் ரெட் கார்பெட்' என்ற பாலிசியைக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் தனி பாலிசி வந்தது. இந்த நல்லதையும் சொல்லத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் பலர் அந்தப் பெயரை முதலில் கேட்டது 2009-ல். கலைஞர் காப்பீட்டுத் திட்டம் அந்த வருடம் ஜூலையில் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு ஸ்டார் ஹெல்த்திடம் போனது. ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உயிர்காக்கும் சிகிச்சை. அரசுப் பணம் தனியார் கம்பெனிக்கும் தனியார் மருத்துவமனைக்கும் போகலாமா என்ற வாதம் அப்போதே எழுந்தது. ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் போய், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் யுனைடெட் இந்தியா வழியாக வந்தது. அதற்குள் கிராமம் வரை ஸ்டார் பெயர் பழகிவிட்டது. அப்புறம் அந்தப் பெயரைத் தெருத் தெருவாகக் கொண்டுபோனவர்கள் ஏஜென்ட்டுகள். இன்று தனிநபர்களும் குடும்பங்களும் நேரடியாக வாங்கும் மருத்துவக் காப்பீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள் கையில் இருக்கிறது.

அடி விழுந்தது கோவிட் காலத்தில். கிளைம்கள் குவிந்து 2020-21, 2021-22 இரண்டு வருடமும் நஷ்டம். இரண்டாவது வருடத்தில் மட்டும் ஆயிரம் கோடிக்கு மேல். 2021 கடைசியில் பங்கு வெளியீட்டுக்கு வந்தார்கள். பிரபல பங்குச்சந்தை முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா பெரிய பங்குதாரராக இருந்தும், 900 ரூபாய் வரை விலை வைத்த பங்குகளுக்கு முழுதாக ஆள் வரவில்லை. 79 சதவீதம்தான் விண்ணப்பம் வந்தது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட பிறகு எந்தக் கம்பெனிக்கும் ஒரு நெருக்கடி கூடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை லாபக் கணக்கு காட்ட வேண்டும். கிளைம் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு அந்த நெருக்கடி எப்படி மேஜைக்கு வந்து சேரும் என்பது தெரியும்.

சரி, புகார்கள். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஓம்பட்ஸ்மன் அலுவலகங்களின் 2023-24 கணக்கில் ஸ்டார் ஹெல்த் மீது மட்டும் 13,308 புகார்கள். அதில் பத்தாயிரத்துக்கு மேல் கிளைம் மறுப்பு பற்றியவை. வேறு எந்தக் கம்பெனியும் இதன் பக்கத்தில்கூட இல்லை. கம்பெனி பெரியது, அதனால் புகாரும் அதிகம் என்று சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பொதுத்துறைக் கம்பெனிகளிடம் தொழிற்சாலை, அலுவலகங்களுக்கான குரூப் பாலிசிகள் அதிகம். அங்கே கிளைம் சிக்கினால் நிர்வாகமே போன் போட்டுப் பேசிவிடும். ஸ்டாரின் வாடிக்கையாளர் பெரும்பாலும் உங்களைப் போன்ற தனிக் குடும்பம், கேட்க ஆள் இல்லாத குடும்பம். அதனால் ஓம்பட்ஸ்மன் வாசலுக்கு வருவதும் அவர்கள்தான். ஆனாலும் அளவு மட்டுமே காரணம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சந்தையில் மூன்றில் ஒரு பங்கு வைத்திருப்பவர் மீது, அடுத்த இடத்தில் இருப்பவரைப் போல மூன்று மடங்குக்கு மேல் புகார் வருகிறதென்றால், சரிசெய்ய வேண்டியது கம்பெனிக்குள்ளும் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். அதே 2023-24-ல், ஸ்டார் போன்ற தனி மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாய் ப்ரீமியத்துக்கும் கிளைமாகக் கொடுத்தது சுமார் 65 ரூபாய். பொதுத்துறைக் கம்பெனிகளில் அது 100-ஐத் தாண்டியது. பொதுத்துறை தர்மம் செய்தது என்று இதற்குப் பொருள் இல்லை. குரூப் பாலிசிகளைக் குறைந்த விலைக்கு விற்றதன் விளைவும் அதில் இருக்கிறது. ஆனால் தனிக் குடும்பம் கட்டும் ப்ரீமியத்தில் கமிஷன், விளம்பரம், நிர்வாகம் எல்லாம் எவ்வளவு சாப்பிடுகிறது என்பது இதிலிருந்து புரியும். உங்கள் கொழுந்தனார் சொல்லும் வேறு தனிக் கம்பெனிகளுக்கும் இதே கணக்குதான். இடம் மாறினால் இது மாறிவிடாது.

விவரக் கசிவு பற்றி. 2024 செப்டம்பரில் டெலிகிராமில் இருந்த சாட்பாட்கள் (கேட்டதற்குத் தானாகப் பதில் தரும் நிரல்கள்) வழியாக ஸ்டார் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், மருத்துவ அறிக்கை வரை வெளியே கிடைத்தன. மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாக அவற்றைத் திருடியவன் சொல்லிக்கொண்டான். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. இணையத் தாக்குதலுக்கு ஆளானதையும் ஒப்புக்கொண்டது. ஒரு மனிதனின் ரத்தப் பரிசோதனைத் தாளை யாரோ ஒருவன் பொழுதுபோக்காகப் புரட்டிப் பார்க்க முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. ஆனால் நீங்கள் இப்போது மாறுவதால் வெளியே போனது திரும்பி வராது. நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: பாலிசி நம்பரையும் அப்பா பெயரையும் சரியாகச் சொல்லிக்கொண்டு யார் பேசினாலும், "போனஸ் வந்திருக்கிறது", "கேஒய்சி முடியப்போகிறது" என்று இழுத்தாலும், போனை வைத்துவிடுங்கள். ஓடிபி சொல்லாதீர்கள். அப்பாவிடமும் அம்மாவிடமும் இதை இன்றைக்கே சொல்லுங்கள். பகலில் போனை எடுப்பது அவர்கள்தானே.

இப்போது அந்த பிபி மாத்திரை.

என் வேலைக்காலத்திலும் அதற்குப் பிறகும் நான் பார்த்த மறுப்புகளில் பெரும்பகுதி மூன்று காகிதங்களுக்குள் அடங்கும். பாலிசி வாங்கியபோது கையெழுத்துப் போட்ட ப்ரொபோசல் ஃபார்ம். மருத்துவமனையில் சேர்ந்த அன்று எழுதிய கேஸ் ஷீட். வெளியே வரும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரி. முதல் காகிதத்தில் "நோய் எதுவும் இல்லை" என்று இருந்து, இரண்டாவதில் "பத்து வருடமாக பிபி" என்று இருந்தால், கிளைம் பிரிவில் இருப்பவர் சிவப்பு மையில் கோடு போடுவார். நானே போட்டிருக்கிறேன். யாருடைய தாளில் கோடு விழுந்ததோ அவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். படிவத்தை வேறு யாரோ நிரப்பியிருப்பார்கள், இவர்கள் பென்சில் குறி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

என் சொந்த மாமியாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இரவு பதினொன்றரைக்கு மூச்சுத் திணறலோடு சேர்த்தோம். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், தூக்கக் கண்ணோடு கேட்டான்: "சுகர் எத்தனை வருஷமா?" மைத்துனர் பதற்றத்தில் "அது ஒரு பத்து வருஷமா இருக்கும்" என்றார். உண்மையில் நாலு வருடம். பாலிசிக்கு வயது ஆறு வருடம். அந்த ஒரு வாய் வார்த்தை கேஸ் ஷீட்டில் ஏறியது, அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போனது. கிளைம் மறுக்கப்பட்டது: பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள் என்று கடிதம். சர்க்கரையை முதலில் கண்டுபிடித்த லேப் ரிப்போர்ட், மாத்திரை எழுதிய முதல் சீட்டு இரண்டையும் பீரோவில் ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள்ளிருந்து எடுத்தோம். தேதி தெளிவாக இருந்தது. கம்பெனிக்கு எழுதினோம், அசையவில்லை. ஓம்பட்ஸ்மனிடம் போனோம். வக்கீல் இல்லாமல், கட்டணம் இல்லாமல், அந்த இரண்டு தாளைக் காட்டித்தான் பணம் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நோய் எப்போது தொடங்கியது என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதி, மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறோம். நீங்களும் அப்படி வையுங்கள். அவசரத்தில் டாக்டர் கேட்கும்போது வாயால் சொல்லாமல் அந்தத் தாளை நீட்டுங்கள்.

உங்கள் விஷயத்தில் விதி உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் கொண்டுவந்த மாற்றத்தின்படி, ஒரு பாலிசி இடைவிடாமல் 60 மாதம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, "அன்று மறைத்தீர்கள்" என்ற காரணத்தைக் காட்டி கிளைமை மறுக்க முடியாது. முன்பு இது 8 வருடமாக இருந்தது. உங்கள் முதல் 3 லட்சத்துக்கு வருகிற மார்ச்சில் 8 வருடமே முடிகிறது. பழைய கணக்கில் பார்த்தாலும் புதிய கணக்கில் பார்த்தாலும் அந்தத் தொகை கரையேறிவிட்டது. 2022-ல் கூட்டிய 2 லட்சத்துக்கு மட்டும் கணக்கு கூட்டிய நாளிலிருந்து தொடங்கும். 60 மாதம் முடிவது 2027 மார்ச்சில்.

அதனால் இந்த வாரம் முதல் வேலை, ப்ரொபோசல் ஃபார்மின் நகலை எடுத்துப் பார்ப்பது. பாலிசி ஃபைலில் இல்லையென்றால் கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்; கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பிபி அதில் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள் என்பதே என் யோசனை. கூட்டிய தொகைக்கு அவர்கள் நிபந்தனையோ கூடுதல் ப்ரீமியமோ கேட்கலாம். கேட்கட்டும். ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் நின்றுகொண்டு அதைத் தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிந்துகொள்வது நல்லது. என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் சிலர், "இன்னும் ஒரு வருடம்தானே, பேசாமல் இருந்துவிடலாமே" என்பார்கள். நான் அப்படிச் சொல்லித்தர மாட்டேன்.

மாறுவதைப் பற்றி. போர்ட் செய்தால், அதாவது இருக்கும் பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றினால், இதுவரை கடந்த காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்கு கிளைம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம்) உங்களோடு வரும், இருக்கும் தொகை அளவுக்கு. இது சட்டம் தரும் உரிமை. ஆனால் உங்களை எடுத்துக்கொள்வதும் மறுப்பதும் புதுக் கம்பெனியின் விருப்பம். 67 வயது, பிபி உள்ளவர் என்றால் பரிசோதனை கேட்பார்கள், கூடுதல் ப்ரீமியம் கேட்பார்கள், சில பாலிசிகளில் ஒவ்வொரு கிளைமிலும் ஒரு பங்கை நீங்களே போட வேண்டிய கோ-பே வைப்பார்கள். இப்போதைய கம்பெனியோ மோசடி, உண்மையை மறைத்தது போன்ற காரணம் இல்லாமல் உங்களைப் புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. எட்டு வருடம் கட்டிச் சேர்த்த இந்த இடம் ஒரு சொத்து. அதை ஒரு செய்தித் தலைப்புக்காகக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் மாறச் சொல்வது ஒரே ஒரு காரணம் இருந்தால்தான்: உங்கள் பாலிசியின் நிபந்தனையே உங்களுக்குப் பொருந்தாமல் போவது. அதில் முதலில் பார்க்க வேண்டியது ரூம் வாடகை. உங்கள் பாலிசியில் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் வரை என்று இருக்கிறது என்று வையுங்கள். கோவையிலோ திருச்சியிலோ 8,000 ரூபாய் அறையில் அப்பாவைச் சேர்க்கிறீர்கள். வித்தியாசம் நாளுக்கு 3,000, ஐந்து நாளுக்கு 15,000, கட்டிவிடலாம் என்று நினைப்போம். அப்படி நடக்காது. எட்டில் ஐந்து பங்கு என்ற அதே விகிதத்தில் சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாமே வெட்டப்படும். ஆபரேஷனுக்கு 1,20,000 என்றால் வருவது 75,000. மருந்து, இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் கருவி), பரிசோதனைச் செலவில் இந்த வெட்டு கூடாது என்று விதி இருக்கிறது. பில் வரும்போது அதைச் சரிபாருங்கள். "கம்பெனி ஏமாற்றிவிட்டது" என்று என்னிடம் வருபவர்களில் கணிசமானவர்கள் இந்த ரூம் வாடகையில் மாட்டியவர்கள். பாலிசியின் ஏழாவது பக்கத்திலோ எட்டாவது பக்கத்திலோ பொடி எழுத்தில் இருக்கும். விற்கும்போது யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

உங்கள் பக்கத்தில் நல்ல மருத்துவமனை எது, அது கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் (பில்லைக் கம்பெனியே நேரடியாகக் கட்டும் மருத்துவமனைகளின் பட்டியல்) இன்றும் இருக்கிறதா என்பதையும் மருத்துவமனையிலேயே நேரில் கேளுங்கள். கட்டண விஷயத்தில் மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் இப்போது அடிக்கடி இழுபறி. போன வருடம் இருந்த பெயர் இந்த வருடம் பட்டியலில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இவையெல்லாம் பார்த்து மாறத்தான் வேண்டும் என்று தோன்றினால், மார்ச் வரை காத்திருக்காதீர்கள். புதுப்பிப்புத் தேதிக்கு 45 நாளாவது முன்பு புதுக் கம்பெனியிடம் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதில் பிபியை மாத்திரைப் பெயரோடு எழுதுங்கள். படிவத்தை நீங்களே நிரப்புங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ப்ரீமியத்தைப் பற்றியும் இரண்டு விஷயம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐஆர்டிஏஐயைக் கலந்துகொள்ளாமல் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. உங்களுக்கு வரும் நோட்டீஸில் இரண்டையும் சரிபாருங்கள்.

எங்கே இருந்தாலும் ஒரு நாள் கிளைம் மறுக்கப்படலாம். அப்போது முதலில் எழுத்தில் காரணம் கேளுங்கள், எந்த விதியின் கீழ் என்று. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ, ஒரு வருடத்துக்குள் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. 50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். அவர் சொன்னதைக் கம்பெனி நிறைவேற்றியாக வேண்டும். அந்த 13,308 பேரும் அப்படி வாசலேறியவர்கள்தான். மறுப்புக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ.

கொழுந்தனாரிடம் அவர் அக்கறைக்கு நன்றி சொல்லுங்கள். அவர் மாற்றச் சொல்லும் கம்பெனியின் பாலிசி வாசகத்தையும் அனுப்பச் சொல்லுங்கள், விளம்பரத் தாள் வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரூம் வாடகை, கோ-பே, காத்திருப்புக் காலம் மூன்றையும் நீங்களே படியுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, ப்ரொபோசல் நகலோடு எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். புதுக் கம்பெனி "சரி" என்று எழுத்தில் சொல்லும்வரை பழைய பாலிசியின் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.